சாந்தில் பதிந்த இடது கால்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: பிரதம விருந்தினராக, ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் ஒருவர். மாவட்டச் சாரணர் சங்கத்திலிருந்து இரண்டு பேர். அதிபர் செல்வத்துரை. சாரணர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் குகதாசன். சீருடையும் கழுத்துப்பட்டியுமாகச் சாரணர்கள். அவர்களுடைய தாய்தகப்பன்மார், தங்கச்சிமார். ஒலிபெருக்கிக்காரன். வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்த சந்திக் கடைச் சுதாகரன். கடைசி வரிசைக் கதிரையில், சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன்.

கடைசியாகச் சொன்னவனை யாரும் அழைக்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு வந்து குந்துகிறவனை யார் என்ன கேட்பது? குகதாசன் அவனைக் கண்டான். எந்தப் பொடியனுடைய மாமனோ என்று நினைத்துக்கொண்டு, மாலையைத் தூக்கியபடி மேடைக்கு ஓடினான்.

மாலை லக்ஷனுக்கு. சண்டிலிப்பாயில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிற இராசநாயகத்தின் மகன். உயர்தரம் படிக்கிறான். நெஞ்சு நிறையச் சின்னங்கள் குத்தியிருந்தான். ஜனாதிபதி சாரணர் விருதுக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவன் போவது குகதாசன் பொறுப்பெடுத்த பிறகு இதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. அது முடிந்தால் விருது கையில்.

அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார். "இருண்டு கிடந்த ஒழுங்கைகளுக்கு வெளிச்சம் தந்தவன் எங்கள் லக்ஷன்" என்று தொடங்கினார். பொய் இல்லை. எரியாத தெருவிளக்குகளை ஒவ்வொரு ஒழுங்கையாய் நடந்து குறித்தவன் அவன். பிரதேச சபைக்காரருக்கு அலுப்புக் கொடுத்துக் கொடுத்தே அவற்றைப் போடுவித்தான். விளக்கை மறைத்த கொப்புகளை மற்றச் சாரணரோடு சேர்ந்து வெட்டினான். ரியூசன் முடிந்து வருகிற பெட்டைகள் இப்போது பயமில்லாமல் சைக்கிள் மிதிக்கிறார்கள். சனம் கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்தவனும் தட்டினான்.

மேடையில் சொல்லாத கதை ஒன்று இருந்தது.

அந்த ஒழுங்கைகளில் ஒன்று முடிகிற இடத்தில் புகையிலைக்குப் புகைபோடும் பழைய கொட்டில் ஒன்று நிற்கிறது. சொந்தக்காரர் கனடாவில். அதற்கு முன்னால் போட்ட விளக்கு மட்டும் நிற்கவில்லை. போடப் போட யாரோ கல்லால் எறிந்து உடைத்தார்கள். கவண் வைத்திருக்கிற சின்னப் பொடியளின் வேலை என்றுதான் லக்ஷன் முதலில் நினைத்தான். மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை அந்த விளக்கைப் பார்க்கப் போனான். அந்த நாட்களில் தடமறிதல் சின்னத்துக்கும் அவன் தயார்செய்துகொண்டிருந்தான். சேற்றில் பதிந்த தடத்துக்குள் பரிஸ் சாந்து என்கிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் கிளப்பி எடுக்கவேண்டும். நாயின் கால், ஆட்டின் கால், மனிதனின் கால், எதுவென்றாலும் சரி. கொட்டிலின் பின்கதவடியில் மோட்டார் சைக்கிள் சில்லின் தடமும், சப்பாத்துக் காலின் தடமும் அச்சுப்போலக் கிடந்தன. சந்தோசமாய் ஊற்றி எடுத்தான். எடுத்த பிறகுதான் யோசித்தான்.

"சேர், அந்தக் கொட்டிலிலை ஒருத்தரும் புகையிலை போடுறேல்லை. ஆனா ஆக்கள் வந்து போகினம்."

குகதாசன் அன்றே போய், தடத்தையும் பின்கதவடிச் சுவரையும் பார்த்தான். வந்து, தனக்குத் தெரிந்த பொலிஸ் அதிகாரி ஒருவருக்கு அழைப்பு எடுத்தான். மறுநாள் கொட்டிலை வளைத்தார்கள். கேரளக் கஞ்சாப் பொதிகளும் நாலைந்து வாள்களும் அகப்பட்டன. இரண்டு பேரைப் பிடித்தார்கள். மூன்றாவது ஆள் எங்கே என்று தெரியவில்லை. ஆர் சொன்னது என்று எங்கள் பக்கத்தால் வெளியே வராது என்றார் அதிகாரி. வரவும் இல்லை.

அதை வெளியே விட்டவன் குகதாசன்.

சாரணத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த அச்சை எடுத்தாலும், எடுத்த இடம், திகதி, எடுத்தவன் பெயர் மூன்றும் அதன் கீழே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் சாந்துக் கட்டி. வந்த காலம் தொட்டு இதைப் பொடியளின் காதில் ஓதி ஓதி வந்தவன் குகதாசன். பரிசளிப்புக்கு முதல்நாள் சாரணர் அறையில் கண்காட்சி மேசையை ஒழுங்குபடுத்தும்போது லக்ஷன் எழுதிய காகிதத் துண்டையும் பார்த்தான். கொட்டிலின் பின்கதவு என்று இருந்தது. பொலிஸ் வளைத்ததற்கு முதல்நாள் திகதி இருந்தது. பெயர் இருந்தது. "கொஞ்சம் பெரிசா எழுது, தூர நிண்டு வாசிக்கிற மாதிரி" என்று மட்டும் சொன்னான். அவன் கண்ணுக்கு அது விதிப்படி செய்த வேலையாகத்தான் தெரிந்தது. புள்ளி போடுகிறவனின் கண்.

விழா முடிந்து சனம் கண்காட்சிக்குள் நுழைந்தது. ஒவ்வொரு சாரணனும் தன் பொருளுக்குப் பக்கத்தில் நின்று, கேட்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தவேண்டும். அதுவும் பழக்கம்தான். வடைத் தட்டோடு வந்த குகதாசன், சாம்பல் சட்டைக்காரன் லக்ஷனின் மேசையடியில் நிற்பதைக் கண்டான்.

"உது என்ன தம்பி?"

"கால் அச்சு அண்ணை. சேத்திலை பதிஞ்சதிலை சாந்து ஊத்தி எடுத்தது."

"ஆற்றை கால்?"

"அது தெரியாது அண்ணை. ஆனா ஆளைப்பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்."

"எங்கை, சொல்லு பாப்பம்."

கேட்டதே போதும். லக்ஷன் குச்சியை எடுத்துக்கொண்டு தொடங்கிவிட்டான். "ஆம்பிளை. உங்கடை உயரம் வரும். வலது கால் வடிவாப் பதிஞ்சிருக்கு. இடது காலைப் பாருங்கோ, முன்பக்கம் மண்ணை உழுதுகொண்டு போயிருக்கு. காலைத் தூக்கி வைக்கேல்லை. இழுத்து இழுத்து நடக்கிறவர்."

"அட! கெட்டிக்காரன்." அவன் குனிந்து துண்டை வாசித்தான். ஆறுதலாய், வாயசைத்து வாசித்தான். கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். "படிச்சு என்னவா வரப்போறாய்?"

"இன்னும் யோசிக்கேல்லை அண்ணை."

"யோசி. கெதியா யோசி."

அவன் லக்ஷனின் தோளில் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். வலது காலை வைத்தான். இடது காலை இழுத்தான். சப்பாத்தின் முனை சீமெந்து நிலத்தில் உரசுகிற சத்தம் கதவு வரை போய், விறாந்தையில் தொடர்ந்து, படியில் நின்றது.

லக்ஷன் கையில் குச்சி அப்படியே நின்றது. "சேர்" என்றான்.  

குகதாசன் தட்டை வைத்துவிட்டு வெளியே ஓடிப்போனான். வெறும் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சுதாகரன் வாசல் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உவர் ஆர், சுதாகரன்?"

"உவனைத் தெரியாதே சேர்? றோய். நெல்லியடிப் பக்கத்தான். கொட்டிலிலை பிடிபட்ட ரெண்டு பொடியளுக்கும் போன கிழமை பிணை கிடைச்சுது. எல்லாம் உவன்ரை ஓட்டந்தான்." குரலைக் குறைத்தான். "கால் வாள்வெட்டிலை போனதாம். வெட்டினவன் இப்ப நடக்கிறதே இல்லையாம். பகிடிக்குச் சொல்லேல்லை சேர்."

குகதாசன் அச்சைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். துண்டைக் கிழித்தான். இரண்டாலும் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, பள்ளிக்கூடத்தின் முகநூல் பக்கத்தில் லக்ஷனும் அச்சும் துண்டும் ஒரே படத்தில் சிரித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் அதிபரிடம் போனான்.

"அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ சேர்."

"ஏன்? ஆயிரத்துக்கு மேலை லைக். லண்டனிலை இருக்கிற பழைய மாணவர் எல்லாம் எழுதியிருக்கினம். நீர் எடுக்கச் சொல்லுறீர்."

குகதாசன் விசயத்தைச் சொன்னான். செல்வத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, நல்லது செய்தவனுக்கு நல்லதுதான் நடக்கும் என்று நம்பியே தலை நரைத்த மனிதர்.

"நொண்டி நடக்கிற மனிசரெல்லாம் கள்ளரே, குகதாசன்? ஊருக்கு நல்லது செய்த பிள்ளையை ஒளிச்சு வைக்கச் சொல்லுறீரோ? கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்."

"கர்த்தர் பாப்பார் சேர். றோயும் பாப்பான்."

"வாயைக் கழுவும்."

படம் இறங்கவில்லை.

பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் குகதாசனுக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு யன்னலால் வீதியைப் பார்த்தான். இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று இரண்டு பேருடன் பள்ளிக்கூட மதிலோரம் போவதைக் கண்டான். பிறகும் கண்டான். அவர்கள் எவரையும் ஒன்றும் செய்யவில்லை. மெதுவாய்ப் போனார்கள். அவ்வளவுதான்.

ஒரு நாள் விடிய லக்ஷனின் தாய் மீனாம்பிகை அழைத்தாள்.

"சேர், ஒருக்கா வாங்கோவன். இவர் சந்தைக்கு வெங்காயம் கொண்டு சுன்னாகம் போயிட்டார். பொடியன் சாப்பிடாமல் தோட்டத்துக்கை குந்திக்கொண்டிருக்கிறான். கேட்டா வாய் திறக்கிறானில்லை."

குகதாசன் போனபோது லக்ஷன் வெங்காயப் பாத்தி வரம்பில் குந்தியிருந்தான். முதல்நாள் பின்னேரம் தண்ணீர் கட்டிய பாத்தி. மண் இன்னும் ஈரம். வேலியிலிருந்து வீட்டை நோக்கி, வரம்பை விட்டு, பயிருக்கு நடுவால் ஒரு தடம் வந்திருந்தது. வலது கால் ஆழமாய். இடது கால் வெங்காயத் தாளை நசித்துக்கொண்டு, நீள நீளமாய். லக்ஷன் படுக்கிற அறையின் யன்னலடியில் போய் நின்று, அங்கே கொஞ்சநேரம் நின்ற அடையாளம் தெரிந்தது. பிறகு வந்த வழியே திரும்பியிருந்தது.

"வரம்பிலை நடந்திருக்கலாம் சேர்" என்றான் லக்ஷன். "தடம் விழாது. வேணுமெண்டுதான் பாத்திக்கை இறங்கியிருக்கிறார். யன்னலடியிலை பாருங்கோ, அழுத்தி அழுத்தி மிதிச்சிருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியும்."

குரல் நடுங்கவில்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னான். 

மீனாம்பிகை மண்வெட்டியோடு வந்தாள். "ஆற்றையோ மாடு பூந்திட்டுது போலை. பாழாப் போவார், கட்டி வைக்கிறேல்லை" என்று திட்டிக்கொண்டு தடத்தை மூடத் தொடங்கினாள். அது மாட்டின் கால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் திட்டினாள். இரண்டு பேரும் அவளைத் தடுக்கவில்லை.

"லக்ஷனைக் கொஞ்ச நாளைக்கு எங்கையும் அனுப்பலாமே?" என்று குகதாசன் கேட்டான்.

"எங்கை அனுப்ப? வவுனியாவிலை என்ரை தமையன் ஒருத்தர் இருக்கிறார். அவரோடை கதை இல்லை. அனுப்பினாலும் ஒரு நாளைக்கு இஞ்சைதானே சேர் திரும்பி வரவேணும்."

"நான் ஒரு இடமும் போகேல்லை" என்றான் லக்ஷன். "அடுத்த மாதம் இன்ரவியூ. முழுக்கப் பாடமாக்கிப்போட்டன். விருது எடுத்தாப் பிறகு பாப்பம்."

"விருதை வைச்சு வாளைத் தடுக்கலாமோடா?"

"நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள், சாரணன் பயப்பிடமாட்டான் எண்டு."

 சொன்னவன் குகதாசன்தான். ஒவ்வொரு திங்களும் கொடிக்கம்பத்தடியில் சொன்னவன்.

பொலிஸ் அதிகாரி தொலைபேசியில் மரியாதையாய்த்தான் கதைத்தார். அந்தப் பக்கம் ரோந்து வரச் சொல்லுகிறேன் என்றார். தடத்தை மூடாமல் விட்டிருக்கலாமே என்றார். முறைப்பாடு செய்தால் பொடியனின் பெயர் வழக்கில் வரும், அது உங்கள் விருப்பம் என்றார். எல்லாம் சரியான கதை. எல்லாம் சரியாய் இருந்தும், விடிந்தால் பாத்தியில் இன்னொரு தடம் இருக்கும்.

அன்று குகதாசன் சாப்பிடவில்லை. மனைவி பிரசாந்தி இரண்டு தடவை கேட்டுவிட்டு, சோற்றுக் கோப்பையை மூடி வைத்தாள். அவன் அச்சை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். றோய்க்கு என்ன வேண்டும் என்று அவனுக்கு விளங்கியது. போன கஞ்சாவோ, பிடிபட்ட வாளோ அல்ல. தன்னைக் கண்டுபிடித்தவன் ஒருவன் மாலையோடு மேடையில் நிற்கிறான். ஊர் கைதட்டுகிறது. தானும் இருந்து கைதட்டவேண்டி வந்தது. அதைத்தான் றோயால் தாங்கமுடியவில்லை. அந்த இடத்தில் வேறு ஒருவன் நின்றால், றோய் அவனிடம் போவான். கணக்கு அவ்வளவுதான். கணக்கு வாத்திக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பயப்பட மட்டும் இருந்தது. அதையும் செய்தான். விடியும்வரை செய்தான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சந்திக்குப் போனான். சுதாகரன் கடை முன்னால் இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் நின்றது. வாங்குப் பலகையில் இரண்டு பொடியள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்த வாங்கில் போய்க் குந்தினான்.

"என்ன சேர், உங்கடை பொடியன் கொழும்புக்குப் போறானாம்" என்றான் சுதாகரன்.

"போனமாதிரித்தான்." குரலை உயர்த்தினான். ஒலிவாங்கி இல்லாமல் மைதானத்துக்குக் கட்டளை கொடுத்துப் பழகிய குரல். "அவனுக்கு ஒரு இழவும் தெரியாது. விளக்கு எண்ணத் தெரியும். அந்தக் கால் அச்சு நான் எடுத்தது."

சுதாகரன் கேத்திலைப் பிடித்தபடி நின்றான். "என்ன சேர் சொல்லுறியள்?"

"ஓம். கொட்டிலடிக்குப் போனது நான். எடுத்தது நான். பொலிசுக்குச் சொன்னதும் நான். பொடியனுக்கு ஒரு சின்னம் குறைஞ்சுது. பள்ளிக்கூடத்துக்கு விருது வேணும். அவன்ரை பேரை எழுதி ஒட்டினன். நான் எழுதிக் குடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னவன்."

"மெல்லமாக் கதையுங்கோ சேர்..."

"ஏன் மெல்லமா? ஒரு பிளேன்ரீ போடும்."

வாங்கில் இருந்தவர்களில் ஒருவன் கோப்பையைக் கீழே வைத்தான். பாதி மிச்சம். மற்றவன் குகதாசனை ஏற இறங்கப் பார்த்தான். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போன திசையைச் சுதாகரன் பார்த்தான். குகதாசன் பார்க்கவில்லை. தேத்தண்ணி வந்தது. குடித்தான். நாக்குச் சுட்டது.

கடைக் கதையோடு நிறுத்தினால் காணாது. பொடியன் கொழும்புக்குப் போய் விருதோடு வந்து இறங்கினால், சொன்னதெல்லாம் ஒரு நிமிசத்தில் பொய்யாகிவிடும். ஆகவே அதிபரிடமும் போனான். சாரணர் சங்கத்துக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னான். சங்கத்தார் அதிர்ந்துபோனாலும் விதிப்படி நடந்தார்கள். வேறொருவன் செய்த வேலைக்குச் சின்னம் வாங்கியவனை விருதுக்கு அனுப்பமுடியாது. பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது.

செல்வத்துரைக்கு அவமானம் தாங்கவில்லை. மேடையில் வாய் கிழியப் புகழ்ந்தவர்.

"சத்தியம் பண்ணுவிச்சவன் நீர். பிள்ளையளை நிரையா நிப்பாட்டி, சாரணன்ரை சொல்லை நம்பலாம் எண்டு சொல்லிக் குடுத்தவன் நீர். நீரே கள்ள வேலை செய்திட்டு, ஒரு பிள்ளையையும் கள்ளனாக்கிப்போட்டீர்."

"ஓம் சேர்."

"ஓமோ? அவ்வளவுதானோ?"

"அந்தப் படத்தை இனி எடுத்துவிடுங்கோ சேர்."

அன்று பின்னேரமே படம் இறங்கிவிட்டது. ஆபத்து என்று சொன்னபோது அசையாத மனிதர், வெட்கம் என்றதும் எழும்பினார்.

"நாளைக்குச் சாரணர் அறையிலை இருக்கிற உம்மடை சாமானை எடுத்துப்போட்டுத் திறப்பைத் தாரும். வேறை ஆளைப் போடுறன்" என்று சொல்லித்தான் அவனை அனுப்பினார்.

லக்ஷன் அவனை மரத்தடிச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மறித்தான். சீருடை இல்லை. சாதாரண வெள்ளைச் சட்டை. கண் சிவந்திருந்தது. ஆனால் அழுகிற பொடியன் இல்லை அவன்.

"நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீங்கள் சேர்."

"ஓம்."

"வகுப்பிலை எல்லாரும் கள்ளன் எண்டு கூப்பிடுறாங்கள். கிளிப்பிள்ளை எண்டு எழுதி மேசையிலை ஒட்டியிருக்கிறாங்கள். அப்பா என்னோடை கதைக்கிறேல்லை."

"உங்கடை தோட்டத்திலை பிறகு தடம் கிடந்ததோ?"

லக்ஷன் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்தான்.

"கிடந்ததோடா?"

"இல்லை."

"பிறகென்ன?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? நான் ஓடுவன் எண்டு நினைச்சீங்களோ? அது நான் எடுத்தது சேர். விடியப்புறம் போய், குனிஞ்சு, என்ரை கையாலை ஊத்தி எடுத்தது. இனி ஆருக்கு நான் அதைச் சொல்லுறது?"

"ஒருத்தருக்கும் சொல்லாதை. செத்தாலும் சொல்லாதை. அதுக்காகத்தான் செய்தது."

"அம்மா சொல்லுறா, உங்கடை காலிலை விழோணுமாம். என்னாலை ஏலாது சேர்."

"விழ வேண்டாம். வீட்டை போ. பெரிய வீதியாலை போ."

லக்ஷன் சைக்கிளை எடுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. குகதாசன் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பதினேழு வயதில் பறிபோன பெயரை யாரும் திருப்பிக் கொடுக்க ஏலாது. கால், கை இருந்தால் வேறு பெயர் எடுத்துக்கொள்ளுவான்.

அடுத்தநாள் பாடசாலை விட்டு, பிள்ளைகள் போய் முடியும்வரை ஆசிரியர் அறையில் இருந்தான். ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது மைதானத்தைக் கடந்து சாரணர் அறைக்குப் போனான். கொண்டுபோக அதிகம் இல்லை. இரண்டு புத்தகம், ஒரு விசில், கயிறு கொஞ்சம்.

விறாந்தை வாங்கில் றோய் இருந்தான். அதே சாம்பல் சட்டை. பக்கத்தில் சந்திக் கடையில் கண்ட பொடியன் தூணில் சாய்ந்துகொண்டு கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். மைதானத்தின் மறுகரையில் காவலாளியின் கதிரை வெறுமையாய்க் கிடந்தது.

"வாங்கோ சேர்" என்றான் றோய். எழும்பவில்லை. "உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். கதவைத் திறவுங்கோ. நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ."

குகதாசன் கதவைத் திறந்தான். திறப்பைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"சந்தியிலை ஏதோ கதைச்சீங்களாம்."

"ஓம்."

"எனக்கொரு சந்தேகம் சேர். பொடியன் அண்டைக்கு எனக்கு விளங்கப்படுத்தினவன். கிளிப்பிள்ளை அப்பிடிக் கதைக்காது. அவன்ரை கண்ணைப் பாத்தனான். தன்ரை பொருளைக் காட்டுறவன்ரை கண்." றோய் பல்லை நாக்கால் துழாவினான். "வாத்திமார் நல்லவை. பிள்ளையளுக்காகப் பொய் சொல்லுவினம். நான் படிக்கேக்கையும் அப்பிடி ஒருத்தர் இருந்தவர்."

"நான் சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னவன்."

"சரி. அப்ப பொடியன் சொல்லாத ஒண்டைச் சொல்லுங்கோ. எடுத்தவருக்குத் தெரியவேணுமே."

தூணில் சாய்ந்திருந்தவன் கைபேசியைப் பையில் போட்டான்.

குகதாசனுக்கு ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தில் ஒரு வழியும் தெரிந்தது. ஞாபகமில்லை என்று சொல்லலாம். தலையைக் குனிந்து, மன்னியுங்கோ தம்பி, பொடியனுக்காகச் சொன்னனான் என்று சொல்லலாம். றோய் சிரிப்பான். தோளில் தட்டி வீட்டுக்கு அனுப்புவான். பிரசாந்தி சோறு போடுவாள். விடிந்தால் வெங்காயப் பாத்தியில் தடம் இருக்கும். இந்தமுறை யன்னலடியில் நிற்காது.

"இடது சப்பாத்திலை வெளிப்பக்கம் குதி தேய்ஞ்சு, றப்பர் துண்டு வைச்சுத் தைச்சிருக்கு" என்றான்.  வகுப்பில் சொல்கிற ஒழுங்கில் சொன்னான். "தைச்சவன் நூலைக் குறுக்காலை மூண்டு தரம் ஓட்டியிருக்கிறான். வலதிலை அது இல்லை. பின்கதவுக்கு வரேக்கை உமக்கு முதுகிலை பாரம். குதி ஆழமா இறங்கியிருந்தது. போகேக்கை வெறுங்கை. வாசலிலை ஒருக்காக் கால் வழுக்கி, இடது கையைச் சுவரிலை ஊண்டினனீர். சுவரிலை சேறு இருந்தது. மோதிர விரல் பாதிதான்."

றோய் தன் இடது கையைப் பார்த்தான். அதை மெதுவாய் மடியில் வைத்தான். பிறகு இடது காலைக் கையால் தூக்கி வலது முழங்காலின் மேல் போட்டு, சப்பாத்தின் அடியைத் திருப்பினான். நூல் குறுக்கால் ஓடியிருந்தது. அதை விரலால் தடவினான்.  மதிலுக்கு அப்பால் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போனது.

"சரி சேர்" என்றான். "நம்புறன்."

"அப்ப பொடியன்ரை பக்கம் போகமாட்டீரே?"

"அவனிட்டை எனக்கென்ன அலுவல்? கிளிப்பிள்ளை." வாங்கைப் பிடித்து எழும்பினான். "உள்ளுக்குப் போங்கோ சேர். வெளியிலை நிண்டு கதைக்கிற கதையில்லை."

குகதாசன் மைதானத்தைப் பார்த்தான். கொடிக்கம்பம் நின்றது. ஒரு குருவிகூட இல்லை. திரும்பி உள்ளே போனான். பின்னால் சப்பாத்து முனை சீமெந்தில் உரசிக்கொண்டு வந்தது.

மற்றவன் கடைசியாய் வந்தான். பொடியன்தான். லக்ஷனைவிட இரண்டு வயது மூப்பிருக்கும். கையை நீட்டினான்.

"திறப்பைத் தாங்கோ சேர்."

குகதாசன் கொடுத்தான். பொடியன் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினான்.